கோட்டாவில் வந்தவளுக்கு

இன்று பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்களைப் பதியும் நாள். காலையிலிருந்து மண்டபத்து வாசல் மேசையில் இருந்தேன். மதியத்துக்குச் சற்று முன்னர் ஒரு தகப்பன் மகளோடு வந்து நின்றார். அவர் கையிலிருந்த பையில் கருவாடு. பக்கத்து மேசை எழுதுவினைஞர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மின்விசிறியைத் திருப்பினார். "எந்த ஊர்?" என்று கேட்டேன். "கற்பிட்டிப் பக்கம், மிஸ்" என்றார் தகப்பன். படிவத்தில் ஊரை எழுதும்போது உன் நினைவுதான் வந்தது. நீயும் உன் அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டோடுதான் இதே மண்டபத்துக்கு வந்தாய். என்னைவிட ஒரு வருடம் பிந்தி.

நாம் சேர்ந்தே வந்திருக்க வேண்டியவர்கள். கற்பிட்டியில் நான் ஏறும் பஸ்ஸில் கண்டக்குழிச் சந்தியில் நீ ஏறுவாய். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாததால் புத்தளம் வரை போய்வந்தோம். இடம் கிடைக்காத நாட்களில் கம்பியைப் பிடித்து நின்றபடியே நீ கணக்குச் சொல்வாய். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கடப்பதற்குள் நான் விடை சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொன்னதில்லை. ஆனால் பெறுபேறு வந்தபோது பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை நான் தாண்டியிருந்தேன். நீ மயிரிழையில் கீழே நின்றாய். நான்தான் அழுதேன். நீ என் புத்தகப் பையை வாங்கி உன் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போய் எடத்தப் பிடி. நான் அடுத்த பஸ்ஸில வாறன்" என்றாய்.

அந்த வருடம் முழுவதும் நீ தனியாகப் படித்தாய். இத்தாலியிலிருந்த ஒருவரின் சம்பந்தம் வந்தது. உன் அம்மாவுக்கு விருப்பம். தலவில தேவாலயத் திருவிழாவுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டுவது என்று பேச்சு. நீ திருவிழாவுக்கே போகவில்லை. "இத்தாலி எங்கயும் ஓடாதும்மா. பரீச்சதான் ஓடிரும்" என்று சொன்னாயாம். உன் அம்மா இதை என்னிடம் சொல்லும்போது கோபமாகத்தான் தொடங்குவார், முடிக்கும்போது சிரித்துவிடுவார்.

சொன்னபடி அடுத்த பஸ்ஸில் வந்தாய்.

நீ விடுதிக்கு வந்த முதல் கிழமையில் நடந்ததை இப்போதும் சில பேர் வேறு விதமாகச் சொல்கிறார்கள். நான் அங்கே இருந்தேன். பின்னேரம், பொது அறை. பகிடிவதை என்று சீனியர்மார் புதிய பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கதிரையில் ஏற்றி, ஊரையும் புள்ளியையும் உரத்துச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கிய இடங்களில் வந்தவர்கள் கூடுதலாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: "நான் கோட்டாவில் வந்தவள்." முந்திய வருடம் நானும் அதே கதிரையில் ஏறிச் சொன்னவள்தான். உன் முறை வந்ததும் ஒரு சீனியர் என்னைப் பார்த்து, "உங்கட ஊர்தானே, நீயே கேள்" என்றாள். நான் கேட்கும்வரை நீ காத்திருக்கவில்லை. கதிரையில் ஏறி, சிலாபத்து மாமிமாரிடம் பழகிய சுத்தமான சிங்களத்தில் சொன்னாய்:

"ஓம், கோட்டாவிலதான் வந்தன். எங்கட பள்ளிக்கூடத்தில கணக்கு டீச்சர் இல்ல. அக்காட பள்ளிக்கூடத்தில எத்தன பேர்?"

நீ இறங்கினாய். கதிரையை நேராக வைத்து அதிலேயே உட்கார்ந்துகொண்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தச் சிரிப்போடு நானும் உன் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு நம்மோடு யாரும் கதைக்கவில்லை. சாப்பாட்டறையில் நாம் போய் இருந்தால் மேசை காலியாகும். அதையெல்லாம் நீ பொருட்படுத்தவில்லை. குப்பி வகுப்பில் சேர்க்காததுதான் உன்னை வருத்தியது. மூத்தவர்கள் இளையவர்களுக்கு நடத்தும் பாடத்துக்கு இங்கே அதுதானே பெயர். அது இல்லாமல் முதல் வருடத்தைத் தாண்டுவது பெரும்பாடு. விரிவுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில். உனக்குத் தாயம் தெரியும், தொகையீடு தெரியும். மேட்ரிக்ஸ், இன்டக்ரேஷன் என்ற அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் தெரியாது. முதல் பரீட்சையில் கணிதத்திலேயே தவறினாய். உடுப்புக் கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாய்.

"உண்மையச் சொல்லு. நான் மொக்கா?"

"மொக்கு இல்லடி. உனக்கு இங்கிலீசு தெரியாது. அவ்வளவுதான்."

"அப்ப இங்க கனபேருக்குத் தெரியாது" என்று முகத்தைக் கழுவினாய். அடுத்த நாளே வேலையைத் தொடங்கிவிட்டாய்.

விடுதியில் உடுப்பு மடிக்கும் அறை, பழைய கரும்பலகைத் துண்டு ஒன்று. முதலில் நீயும் நானும் மட்டும். நான் என் போன வருடத்துப் பாடத்தைத் தடுமாறித் தமிழில் சொல்வேன். நீ அதைக் கழுவித் துடைத்துத் திருப்பிச் சொல்வாய். பிறகு மன்னார்ப் பிள்ளை ஒருத்தி வந்தாள். மூதூர், பதுளை என்று ஆட்கள் சேர்ந்தார்கள். ஆனமடுவையிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை ஒருத்தி வாசலில் தயங்கி நின்றபோது, அந்த நிமிடத்திலிருந்தே நீ சிங்களத்திலும் சொல்லத் தொடங்கினாய். "விளங்கினவங்க எழும்பிப் போகலாம். விளங்காதவங்க இருங்க. இங்க வெக்கப்பட ஒண்டும் இல்ல" என்பாய். விளங்கியவர்களும் போகாமல் இருந்தார்கள்.

அடுத்த வருடப் பரீட்சை நெருங்கிய ஒரு பின்னேரம், அன்று உன்னைக் கதிரையில் ஏற்றிய அதே சீனியர் வாசலில் வந்து நின்றாள். அவளும் கணிதத்தில் தவறியிருந்தாள். திரும்ப எழுத வேண்டும். நீ ஏதோ சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ உன் கதிரையை அவள் பக்கம் தள்ளி, "இருங்க அக்கா" என்றாய். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாதியில் விட்ட கணக்கைத் தொடர்ந்தாய். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. அவள் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தாள், நீயும்தான்.

பட்டம் வாங்கி, குடிநீர்த் திட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, வெயிலில் கறுத்து, மூக்குத்தியோடும் தலைக்கவசத்தோடும் எனக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தாய். நல்ல காலம் என்றால் அதுதான் உன் நல்ல காலம். கொஞ்சம்தான் கிடைத்தது. காய்ச்சல் என்று போனவளுக்கு இரத்தத்தில் புற்று என்றார்கள். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாட்களில் நீ நோயைப் பற்றிக் கதைக்கவிடவில்லை. "இந்த வருசம் புத்தளத்துக்கு வெட்டுப்புள்ளி எப்படி? நம்மட பக்கத்தால எத்தன பொம்புளப் புள்ளைகள்?" என்றுதான் கேட்பாய்.

ஒருநாள் நான் என் குறையைச் சொன்னேன். இங்கே விரிவுரையாளராகியும் இந்தப் பகிடிவதையைக்கூட மாற்ற முடியவில்லை, கூட்டம் கூட்டமாகக் கூடிக் கலைகிறோம், அலுத்துவிட்டது, வெளிநாடு போகலாம் என்று பார்க்கிறேன் என்றேன். சாகக் கிடக்கும் ஒருத்தியிடம் சொல்லும் கதையா அது? உனக்குக் கோபம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "களைச்சா கொஞ்சம் இரு. இருந்திட்டுப் பாரு" என்றாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று கண்டக்குழியில் கடற்காற்று அள்ளி வீசியது. தலையை மூடிய முக்காட்டைப் பிடித்தபடி நான் மணலில் நின்றேன். உன் அம்மா அழாமல் என் கையைப் பிடித்து, "புள்ள சாப்பிட்டியா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் உடைந்தேன்.

இங்கே பெரிதாக எதுவும் மாறவில்லை. பகிடிவதைக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது, அறிவித்தல் பலகைகள் வந்தன, விசாரணைக் குழுவில் என்னையும் போட்டார்கள். போன மாதம் ஹட்டனிலிருந்து வந்த பிள்ளையொன்று பகிடிவதை தாங்காமல் படிப்பை விட்டுப் போய்விட்டது. பஸ் நிலையம் வரை போய்க் கதைத்துப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்தபடியே, "வேணாம் மிஸ்" என்றாள். அவள் ஏறிய பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். அன்றைக்கு மனம் உன்னை மிகவும் தேடியது.

வெளிநாட்டு யோசனை இப்போதும் இருக்கிறது; பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போகவில்லை. புதன்கிழமை பின்னேரங்களில் முதல் வருடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துத் தமிழிலும் என் அரைகுறைச் சிங்களத்திலும் பாடம் சொல்கிறேன். அது விரிவுரையாளர் செய்யும் வேலையில்லை என்று துறையில் கதைக்கிறார்கள். உன்னைப் போல எனக்குச் சொல்லித்தர வராது. நடுவில் பிழை விடுகிறேன், பிள்ளைகள் திருத்துகிறார்கள். வகுப்பு முடிந்ததும் கால் கடுக்கிறது.

வீட்டுக்கு வந்து மஃரிப் தொழுதுவிட்டுக் கையேந்தும்போது, மவுத்தாகிப்போன என் ஆட்களின் பெயர்களோடு உன் பெயரும் வந்துவிடுகிறது. வேறு மார்க்கத்தவளான உன் பெயரை அப்படிச் சொல்லலாமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.