அம்மா பச்சைச் சேலை உடுத்திய பரீட்சை நாள்

அம்மா,

இன்று எனக்கு நீட் தேர்வில் மேற்பார்வைப் பணி. உள்ளே போகும் பெண்பிள்ளைகள் கம்மலைக்கூடக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. வாசலில் ஒரு தாய் மகளின் கம்மலைக் கழற்றி, திருகாணி விழுந்துவிடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, "ஒண்ணும் நெனைக்காத மக்ளே, போய் எழுது" என்றாள். அந்தப் பிள்ளையின் ஹால் டிக்கெட்டைச் சரிபார்க்க வேண்டியவள் நான். ஓர் எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை.

இதே சொற்களைச் சொல்லித்தான் நீயும் என்னை அனுப்பினாய், இரண்டாயிரத்து ஆறில். அப்போது நீட் கிடையாது. நம் மாநிலத்து நுழைவுத் தேர்வு, இரண்டு நாள் நடக்கும். முதல் நாள் அப்பா என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனார். கடலுக்குப் போகாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். "எனக்க மோள் டாக்டராவப் போறா" என்று கண்டக்டரிடம் சொல்லி என் மானத்தை வாங்கினார். அன்று சாயங்காலமே நெஞ்சு வலிக்கிறது என்றவரை நீயும் மாமாவும் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள்.

மறுநாள் விடிந்ததும் நீ மட்டும் வந்தாய். "இப்பம் கொள்ளாம் மக்ளே, பயப்பட ஒண்ணுமில்ல" என்றாய். எனக்குத் தலை வாரி ரெட்டைப் பின்னல் போட்டாய். கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு எடுத்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டாய். "பரீச்ச எனக்கா, ஒனக்கா?" என்று நான் கிண்டல் செய்தேன். நீ சிரித்தாய் அம்மா. அப்பா இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, நீ சிரித்தாய்.

நம் ஊர் கடியப்பட்டணத்தில் யார் இறந்தாலும் உடனே கோயிலில் துக்கமணி அடிப்பார்கள். மணி கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். நான் பஸ் ஏறிய பிறகு அடித்தாலும், டவுனுக்கு வரும் ஊர்க்காரர் எவராவது தேர்வு வாசலில் வாய் தவறிச் சொல்லிவிடுவார். அதனால் மணியடிப்பவரிடம் ஆளனுப்பி, "ரெண்டு மணி வரைக்கும் அடிக்கண்டாம், எனக்க பிள்ள எழுதி முடிக்கட்டு" என்று கெஞ்சினாயாம். ஊரும் வாயை மூடிக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் மீன் கூடையோடு நின்ற இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அப்போது அது அவர்களுடைய கர்வமாகப் பட்டது.

நான் எழுதிய மூன்று மணி நேரமும் நீ தேர்வுக்கூடத்துக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாய். திரும்பும்போது பஸ்ஸில் நான் வாய் ஓயவில்லை. இந்தக் கேள்வி, அந்தக் கேள்வி, இதற்கு எந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன், எல்லாம் சொன்னேன். அப்பாவிடம் சொல்ல வேண்டும், நேரே நெய்யூருக்குப் போவோம் என்றேன். "வீட்டுக்குப் போயிட்டுப் போலாம்" என்றாய். ஊரில் இறங்கி நாலு எட்டு வைக்கவில்லை, மணி அடித்தது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு.

"ஆருக்கம்மா அடிக்கிது?"

"அப்பாவுக்கு மக்ளே."

ரோட்டிலேயே உன்னை அடித்தேன். நீ தடுக்கவில்லை. "அழுவதுக்கு ஆயுசு கெடக்கு மக்ளே, பரீச்ச இன்னைக்கு மட்டுந்தானே" என்றாய். அந்தப் பச்சைச் சேலையோடுதான் வீட்டுக்குள் போனாய். அதற்குப் பிறகு நீ கலர்ச் சேலை உடுத்தி நான் பார்க்கவில்லை.

எனக்கு இடம் கிடைக்கவில்லை. இன்னொரு முறை எழுதலாம் என்றால், அடுத்த வருடமே அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். எந்தப் பரீட்சைக்காக ஒரு சாவை ஒளித்து வைத்தாயோ அந்தப் பரீட்சையே இல்லாமல் போனது.

இடம் இல்லை என்று தெரிந்த அன்று உன்னிடம் ஒன்று சொன்னேன். "நீ மறைச்சதுனாலதான் போச்சு. ஒன் மொகத்தப் பாத்தே என்னமோ சரியில்லன்னு தெரிஞ்சுது. உள்ள எனக்கு ஒண்ணும் ஓடல்ல."

பச்சைப் பொய் அம்மா. உன் முகத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. நீ அவ்வளவு நன்றாக மறைத்திருந்தாய். நான் நிம்மதியாகத்தான் எழுதினேன்; எனக்கு அவ்வளவுதான் தெரியும், அதனால் இடம் கிடைக்கவில்லை. தோற்றுப்போனவள் என்று ஊர் சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் அந்தப் பொய். பிறகு பி.எட். முடித்து உயிரியல் ஆசிரியை ஆனேன், சம்பளம் வாங்கினேன், உன்னை ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிப் போனேன். அந்தப் பொய்யை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. விருந்துக்கு வருகிறவர்களிடம் நீயே அதைச் சொல்வாய், "எனக்க புத்தி மோசத்துல பிள்ளைக்க படிப்பு போச்சு" என்று. நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

போன வருடம், கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக் கேட்டாய். "அன்னைக்கு நான் உள்ளதச் சொல்லியிருந்தா நீ டாக்டர் ஆயிருப்பியா மக்ளே?"

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

இல்லம்மா. ஆயிருக்க மாட்டேன். நீ ஒரு குற்றமும் செய்யவில்லை. அன்று இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இன்று வீடு வந்தேன், நாளையும் இதோடுதான் எழுந்திருப்பேன். சொல்லிவிட நீ இல்லை.