மதினியின் இடது கால்

ஆசை மதினிக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடட்டுமா என்று உங்கள் மகள் நந்தினியிடம் கேட்டேன். "போடுங்க அத்தை, அம்மா மாதிரி கடையில நிக்கிறவுக படிக்கட்டும்" என்றாள். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் அங்கங்கே சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் நன்றாக இருக்கிறார். அதே லோடு வண்டிதான் ஓட்டுகிறார். கொத்தவரங்காய் என்றால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நந்தினி மதுரையில் நர்ஸிங் முதல் வருடம் படிக்கிறாள். வெள்ளைக் கோட்டோடு அவள் எடுத்த படத்தை உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போனேன். "உயிரோட இருக்கவ படத்த எதுக்கு அங்கன மாட்டுறீக?" என்று சண்டைக்கு வந்தாள். வாய் அப்படியே உங்களுடையது.

கல்யாணமான இரண்டாம் வருடமே ஒரு பையோடு நான் சாத்தூருக்குத் திரும்பி வந்த நாள் நினைவிருக்கிறதா மதினி? அண்ணன் வாசலில் நின்று "என்ன நடந்துச்சு, என்ன நடந்துச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "பாண்டிச்செல்வி, கை கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றீர்கள். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவள்தான். வேறு எங்கே போவது என்ற கேள்வி எனக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை.

அப்புறம் நம் இரண்டு பேருக்கும் வேலை. காலையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகிற பட்டாசுக் கம்பெனி வேனில் நான் ஏறுவேன். நீங்கள் விருதுநகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவீர்கள். எனக்கு பேக்கிங் ரூமில் வேலை. தரையில் சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், புஸ்வாணத்தைப் பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டி முடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். உங்களுக்கு ஜவுளிக்கடையில் சேலைப் பகுதி. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை அடைக்கும் வரை நிற்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நிற்பது தனிக்கணக்கு.

"ஒனக்கென்ன புள்ள, உக்காந்த எடத்துல வேல" என்பீர்கள்.

"உங்களுக்கென்ன மதினி, ஃபேன் காத்துல, பட்டுச்சேலைக்கு நடுவுல ராணி மாதிரி நிக்கீக" என்பேன்.

இரண்டு பேருக்கும் மற்றவள் கொடுத்துவைத்தவள். சாயங்காலம் வீடு வந்ததும் நீங்கள் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பீர்கள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல் நிலைப்படியில் சாய்ந்து நிற்பேன். ஒருநாள் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் வேலய மாத்திக்கிட்டா என்ன?" என்று கேட்டார். நாம் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது உங்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். ஆனால் உட்காரத்தான் ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. பிரித்துக் காட்டிய சேலைகளை அதில் அடுக்கி வைத்தார்கள். அது பத்து நாள். பதினோராம் நாள் நீங்கள் சேலைக்கட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தீர்களாம். மேனேஜர் வந்து, "என்னம்மா, கால் வலிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார். வலிக்காம இருக்கத்தான் உக்காந்தேன்."

சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்தார்கள் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதுச்சேலை கட்டிய நந்தினியின் முகம் மாதிரி இருந்தது.

ஆனால் தீபாவளி சீசன் வந்தால் ஸ்டூல் எங்கே, உட்கார்வது எங்கே? கூட்டம் நெருக்கும். எங்கள் கம்பெனியிலும் அதே சீசன்தான். ஆர்டர் முடிக்கிற அவசரத்தில் மூத்திரத்துக்கு எழுந்திருக்கக்கூட யோசிப்போம். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டோம். நீங்கள் எங்களை விட்டுப்போன வருடம், அப்படி ஒரு வாரத்தில்தான் உங்கள் இடது கால் வீங்கியது.

எப்போதும் இரண்டு காலும் வீங்கும். படுத்து எழுந்தால் காலையில் வடிந்துவிடும். இந்த முறை இடது கால் மட்டும். கெண்டைக்கால் தொட்டால் சுட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி" என்று நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். "தீபாவளி முடியட்டும். இப்ப லீவு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன். எனக்கும் சீசன்தானே. அதற்குப் பதிலாக விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி எடுத்து வந்து உங்கள் காலை மடியில் வைத்துக்கொண்டேன். கணுக்காலில் இருந்து முழங்கால் வரைக்கும் அழுத்தித் தேய்த்தேன். "ஒன் கைக்கு மோதிரம் போடணும்ளா" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். மூன்று சாயங்காலம் அப்படித் தேய்த்தேன்.

நாலாம் நாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த நீங்கள், "மூச்சு முட்டுது புள்ள" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அண்ணன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். விருதுநகர் ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். காலில் உள்ள ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகி, அந்தக் கட்டி மேலே ஏறிப்போய் நுரையீரலில் அடைத்துவிட்டது என்றார். அண்ணன், "நின்னே வேல பாத்ததாலயா?" என்று கேட்டார்.

"அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா மணிக்கணக்கா அசையாம இருக்கிறது காலுக்கு நல்லதில்ல. கெண்டைக்கால் அசைஞ்சாத்தான் ரத்தம் ஒழுங்கா மேல ஏறும். நின்னாலும் அப்படித்தான், உக்காந்தாலும் அப்படித்தான்."

உட்கார்ந்தாலுமா? நாம் எத்தனை வருடம் மாறி மாறிப் பொறாமைப்பட்டோம் மதினி! நிற்கிறவளும் உட்கார்கிறவளும் ஒரே கஷ்டத்தின் இரண்டு பக்கம் என்று நமக்கு யாருமே சொல்லவில்லையே.

இனி எழுதப் போவதை உங்களிடம் இதுவரை மனசுக்குள்கூடச் சொன்னதில்லை.

உங்கள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், "கால் வீங்குனப்ப நான் எண்ணெய் போட்டு அழுத்தித் தேச்சு விட்டேன். அதனாலதான் கட்டி மேல போச்சா?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி, சூடா, வலியா இருந்தா தேய்க்கக் கூடாதும்மா. உடனே டாக்டர்கிட்ட வரணும். அத நீங்க தெரிஞ்சுக்கணும். ஆனா உங்க கைதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. நீங்க தொடாம இருந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம்."

"நடக்காமயும் இருந்திருக்கலாமா?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அந்தப் பதில் இல்லாத கேள்வியோடு நான் இரண்டு வருடம் வேனில் ஏறி இறங்கினேன். விளக்கெண்ணெய் வாசம் எங்கே வந்தாலும் அங்கிருந்து எழுந்து போய்விடுவேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சொகமாக இருந்த அந்த மூன்று சாயங்காலங்களை நான் என்ன செய்வது? அன்பு என்று வைத்துக்கொள்வதா, குற்றம் என்று வைத்துக்கொள்வதா?

போன புரட்டாசியில், சீசன் உச்சத்தில் இருந்தபோது, எங்கள் ரூமில் என் பக்கத்தில் உட்கார்கிற மாரீஸ்வரி, சாப்பாட்டு நேரத்தில் வலது காலை என் மடியில் நீட்டினாள். அச்சங்குளத்துப் பிள்ளை. கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகிறது. "அக்கா, நீங்க நல்லா புடிச்சு விடுவீகன்னு சொன்னாக. செத்த அமுக்கி விடுங்கக்கா, ரெண்டு நாளா கடுக்குது."

என் கை தானாகக் காலுக்குப் போனது. தொட்டேன். சுட்டது. அவளுடைய இடது காலின் சேலையை விலக்கிப் பார்த்தேன். அது ஒல்லியாக, சாதாரணமாக இருந்தது. வலது கால் மட்டும் பளபளவென்று வீங்கியிருந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது மதினி.

"அமுக்கக் கூடாது. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"கால் வலிக்கா ஆஸ்பத்திரி? நாளைக்கு லோடு போகணும்லக்கா" என்று அவள் சிரித்தாள். போர்மேனிடம் போய் வண்டி கேட்டேன். "பெட்டி ஏத்துற நேரத்துல வண்டி கேக்கீகளேம்மா. சாயங்காலம் வேன்ல போகையில காட்டிக்கிடலாம்ல?" என்றார்.

"எங்க மதினி இப்படித்தான் தீபாவளி முடியட்டும்னாக. அவுகளுக்குத் தீபாவளி வரவே இல்ல. வண்டி தாங்க. இல்லைன்னா இவள இடுப்புல தூக்கிக்கிட்டு நான் ரோட்டுக்குப் போவேன்."

இருபது வருடத்தில் நான் அவரிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். வண்டியில் ஏற்றியிருந்த பெட்டிகளை அவர் இறக்கச் சொன்னார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் காலில் கட்டி இருந்தது. மேலே ஏறவில்லை. ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மாரீஸ்வரி நன்றாக இருக்கிறாள். அவளுடைய அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தபோது என்னையும் கூட்டிப்போனார். அங்கே என் பெயரோடு உங்கள் பெயரையும் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னேன். இறந்தவர்கள் பெயருக்கு அர்ச்சனை செய்யலாமா என்று எனக்குத் தெரியாது. பூசாரியும் கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் ரூமில் ஒரு பழக்கம். மணிக்கு ஒருதரம் எல்லாரும் எழுந்து, வேப்பமரத்தடியில் இருக்கிற தண்ணீர்த்தொட்டி வரை நடந்து, ஒரு செம்பு குடித்துவிட்டு வருகிறோம். "ஆளாளுக்கு இப்படி எந்திரிச்சா வேல எப்ப முடியும்?" என்று போர்மேன் முதல் வாரம் புலம்பினார். இப்போது மறந்துவிட்டால் அவரே வந்து விசில் அடிக்கிறார். நாள் பூராவும் நிற்கிற மனுஷர். நாங்கள் நடக்கப் போகும்போது எங்கள் சாக்கில் அவர் உட்கார்ந்துகொள்கிறார். அண்ணனும் டீக்கடை கண்டால் வண்டியை நிறுத்தி, இறங்கி நடக்கிறார். டீயும் இரண்டு கூடுதலாகப் போகிறது என்பது வேறு விஷயம்.

மாரீஸ்வரி பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பயம் வந்தது. வீங்கிய காலைத் தேய்க்கக் கூடாது என்கிற இந்தச் சங்கதியை நந்தினியும் காலேஜில் பாடமாகப் படிப்பாளே. படிக்கும்போது அந்த மூன்று சாயங்காலமும் அவள் கண்ணுக்கு வருமே. அவளாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது உட்காரவைத்துச் சொன்னேன். டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தது உட்பட, ஒன்றையும் மறைக்கவில்லை.

கேட்டு முடித்ததும் அவள் எழுந்துகொண்டாள். மாடிக்குப் போய்விட்டாள். மத்தியானம் கூப்பிட்டதும் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறிப்போனாள். அன்று முழுதும் அப்படித்தான். அவளை நான் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். நீங்கள் விட்டுவிட்டுப் போனதில் எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதானே.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கையில் அளவெடுக்கிற நாடாவோடு வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, கால நீட்டுங்க."

நீட்டினேன். முழங்காலுக்குக் கீழே நாடாவைச் சுற்றினாள். ஒரு காலை அளந்தாள். அடுத்த காலை அளந்தாள். இரண்டாவது தடவையும் அளந்தாள். விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே அளவுதான்" என்றாள். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், "அம்மா கால யாருமே அளந்து பாக்கல அத்தை. நானும் அங்கனதான உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தேன். நானும் பாக்கலயே" என்றாள்.

அன்று வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. போகட்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு பேரும் அழுது முடித்து, முகம் கழுவி, தோசை சுட்டுச் சாப்பிட்டோம். உங்கள் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். சிரிக்கவும் செய்தோம்.

மதினி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் மகள் படிப்பு முடித்து எந்த ஆஸ்பத்திரியில் நின்றாலும், அவளும் ராத்திரி பகல் என்று நிற்கத்தான் போகிறாள். ஒவ்வொரு நாளும் அவளுக்குப் போன் செய்து, "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன்னால் "செத்த நேரம் உக்காந்தியா" என்று கேட்பேன். கேட்டுக்கொண்டே நான் நடப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கையால் சோறு வாங்கித் தின்ற நாத்தனார்,
பாண்டிச்செல்வி