ஊருக்கு வெளியே கடற்கரைத் தெரு

ஜூன் 12, 2025
பள்ளி நூற்றாண்டு மலருக்கு ‘நம் ஊர்: நிலமும் மக்களும்’ கட்டுரையை முடித்தேன். மேற்கே செம்மண் மேடான தேரி, சி.எஸ்.ஐ. கோவில், நாங்கள். வடக்கே உப்பளம், விளாத்திகுளம் பக்கமிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர்கள். ஊருக்கு வெளியே, கிழக்கே, கத்தோலிக்க மீனவர்களின் மாதா கோவிலும் கடற்கரைத் தெருவும். ‘ஆயினும் மக்கள் ஒரே குடும்பமாக வாழ்கின்றனர்’ என்று முடித்தேன். முப்பது வருடம் புவியியல் நடத்திய கை, சும்மாவா! சத்தம் போட்டு இரண்டு தடவை வாசித்தேன். கிருபை தேங்காய் துருவிக்கொண்டே “ம்” என்றாள். மனைவி என்றால் அவ்வளவுதான்.

ஜூன் 15
மகள் ஜெனிலா கட்டுரையைப் படித்துவிட்டு வந்தாள். “ஒரே குடும்பம்னு எழுதியிருக்கீங்களே, நெசந்தானாப்பா?” பெருமையாகத் தலையாட்டினேன். “அப்ப கடற்கரைத் தெரு ஆன்றோவ நான் கட்டிக்கிடட்டுமா?”
ஆடிய தலை அப்படியே நின்றுவிட்டது.
ஆன்றோ, மீன் பிடிக்கிற ரோச்சின் மகன். கப்பலில் வேலை, இப்போது லீவு. என்னிடம் படித்தவன். நல்ல மார்க் — நானே போட்டேன்.

ஜூன் 16
சாப்பிடவில்லை.

ஜூன் 17
சாப்பிட்டேன். மீன் குழம்பு.

ஜூன் 21
நாசரேத்துல இருக்க அக்கா என்ன சொல்லுவா? கோவில்ல என்ன பேசுவாங்க? என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏலே ஞானையா, ஒனக்கு மக முக்கியமா, அக்கா முக்கியமா?
ஜெனிலா முகத்தை நிமிர்த்தாமலே சொன்னாள்: “வேண்டாம்னா விட்டுருதேன்ப்பா. ஆனா அத நீங்களே போய் அவங்க அப்பாட்ட சொல்லிருங்க.”

ஜூன் 23
திட்டம் தயார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. ஆகவே நாளை, செவ்வாய்க்கிழமை போக வேண்டும். ரோச் கடலில் இருப்பார். ‘போனேன், ஆளில்லை’ என்று வந்துவிடலாம். அதற்குள் பையனின் லீவும் முடிந்துவிடும். என்ன மூளை எனக்கு!

ஜூன் 24
தெரு முழுக்க ஆண்கள், வலையைப் பழுது பார்த்துக்கொண்டு. காற்று எச்சரிக்கையாம், ஒரு படகும் போகவில்லை. ஆனிக் காற்றைப் பற்றி வருடா வருடம் பாடம் எடுக்கிறவன் நான். வேட்டி பறந்து முகத்தில் அடித்தபோதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா?
“ஏளா பிளாரன்ஸ், சார் வந்திருக்காரு, நாற்காலியப் போடு!” என்று ரோச் மனைவிக்குக் குரல் கொடுத்தார். நாற்காலியைச் சுற்றித் தெருவே கூடிவிட்டது.
“ஒங்க கட்டுரைய ஆன்றோ போன்ல காட்டுனான் சார். நாங்க ஊருக்கு வெளியவா இருக்கோம்? அப்ப ஒங்க வீட்டுக்கு மீனு வெளியூர்லருந்தா வருது?”
ரோச் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிளாரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. “ஒங்க பிள்ளைய எம்பிள்ளையாப் பாத்துக்கிடுவேன் சார். வேண்டாம்னு சொல்லத்தான் வந்தீகன்னா, காப்பியக் குடிச்சிட்டுச் சொல்லுங்க.”
குடித்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
“எந்தக் கோவில்ல வச்சிக்கிடலாம்?” என்று என் வாய் கேட்டது.

ஜூன் 25
அக்காவிடம் போனில் சொன்னேன். வைத்துவிட்டாள்.

ஜூலை 2
மலர் அச்சுக்குப் போகிறது. ‘ஊருக்கு வெளியே’ என்பதை அடித்தேன். ‘ஒரே குடும்பம்’ என்பதையும் அடித்தேன். அக்கா இன்னும் போனை எடுக்கவில்லையே.

ஜனவரி 25, 2026
பஸ்ஸில் பழைய பள்ளிக்கூடத்து பாண்டியராஜ் சார். “மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுதாமே! எந்த ஊர்ல குடுத்திருக்கீங்க?”
“உள்ளூர்லதான்” என்றேன்.