ஒவ்வொரு ஓஸாக

ஆடி 22, வெள்ளி

காற்று. சட்டைக்குள் பாதித் திண்டுக்கல் மண். கிரேன் ஷெட்டிலேயே நிற்கிறது. பூமை, அதான் கிரேனின் நீட்டுக் கையை, தூக்கினால் ஹைட்ராலிக் பம்பு பிரசவ வார்டு மாதிரி கத்துகிறது. ஓட்டுகிற கருப்பையா அதைவிடச் சத்தம்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றினேன். மடிப்புக்கு மடிப்பு மண்.

“ஏண்ணே, இது ஃபில்டரா, கருவாட்டுச் சட்டியா?” கருப்பையா.

மண் வந்த வழி எனக்குத் தெரியும். எழுதிவைக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள். இந்த கிரேனில் ஆயில் ஓடும் ரப்பர் குழாய், ஓஸ், பதினொன்று. ஒன்றரை வருஷத்துக்கு முன்பே எல்லாம் வெடிப்பு விட்டிருந்தன. ஒரே நாளில் பதினொன்றையும் மாற்றியிருக்கணும். நான் மூணு மாசத்துக்கு ஒன்று மாற்றினேன். இதுவரை ஆறு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே தூசி.

காரணம்: ஓஸை வெட்டி முனை அழுத்தித் தரும் கடை ஜெசிந்தாவுடையது. மொத்தமாக வாங்கினால் ஒரு தடவைதான் போகலாம். ஒவ்வொன்றாக என்றால் பதினொரு தடவை. அளவை அரை அங்குலம் குறைத்துச் சொன்னால், மாட்டிப்பார்த்துப் பத்தாமல், மறுபடி ஒரு தடவை. அவள் புருஷன் போய் ஆறு வருஷம். என் வீட்டுக்காரி போய் எட்டு. ஐம்பத்தொரு வயசில் நான் போட்ட திட்டம் இதுதான். அதற்கு ஒரு பம்பு பலியாகப் பார்த்தது.

ஆடி 24, ஞாயிறு

சர்ச்சில் ஏழு மணிப் பூசை. பின் வரிசை, தூண் மறைவு. பிரசங்கத்தில் தூங்கி அறிவிப்பில் விழித்தேன். சாமியார் கல்யாண ஓலை வாசிக்கிறார். கரூர் மாப்பிள்ளை. பெண், நம் பங்கு ஜெசிந்தா. முதலாம் ஓலை; மூணு ஞாயிறு வாசித்தால் கல்யாணம். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.

எனக்குத் தெரிந்த தடை ஒன்றே ஒன்று. அது தலைக்கு டை அடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

வெளியே செருப்புத் தேடிக்கொண்டே ரெண்டு பொம்பளைகள்.

“மாப்பிள்ள ரிட்டயர்டு கண்டக்டராம்ல.”

“நல்லதுதான. எம்புட்டு நாளைக்கு ஒத்தையில கடையக் கட்டிக்கிட்டு அழுவா.”

கண்டக்டர். மீதிச் சில்லறை தராமலே ரிட்டயர் ஆன ஆளாகத்தான் இருக்கும்.

அரைக் கிலோ கறி எடுத்தேன். சமைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூனைக்கு நல்ல ஞாயிறு.

ஆடி 25, திங்கள்

முதலாளி போன். ஆவணி ரெண்டு, வேடசந்தூர் மில்லில் மிஷின் இறக்கணும். அதற்குள் கிரேன் ரெடி.

“மிச்சம் அஞ்சையும் ஒரேடியா கழட்டு” என்றேன்.

“இத்தன நாளா மாட்டேன்னீக?” கருப்பையா.

“வாய மூடுறா.”

கீழே சாக்கை விரித்தான். அப்புறம் மெதுவாக, “ஓலை வாசிச்சத எங்க வீட்டுலயும் சொன்னாக.” அதோடு சரி. கிண்டல் இல்லை. கேட்காமலே ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தான். அதுதான் தாங்கவில்லை.

ஆடி 27, புதன்

பழைய ஓஸ் ஐந்தையும் சாக்கில் கட்டிக்கொண்டு கடைக்கு. நீலச் சட்டை. எதற்கோ. பைக்கில் போகும்போது ஒத்திகை: 1. வாழ்த்து. 2. ஒரு விஷயம் சொல்லணும். 3. சொல்வது.

கடையில் ரெட்டியார்சத்திரம் டிராக்டர்காரர். “செத்த இருங்கண்ணே, தாரேண்ணே” என்றாள் அவரிடம். வருகிற எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். எழுபது வயசு, இருபது வயசு, பேதமில்லை. என்னை மட்டும் ‘மெக்கானிக்கு’. இதை ஒரு சொத்தாக வைத்திருந்தேன்.

அவர் போனார். சாக்கை வைத்தேன். அவள் பிரிக்கவே இல்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்தாள். ஐந்து புது ஓஸ். தூசி போகாமல் முனைக்கு முனை மூடி. ஒவ்வொன்றிலும் சீட்டு, அவள் கையெழுத்து. ‘பூம் தூக்குற ஜாக்கி, மேல.’ ‘ஸ்டீரிங், இடது.’

“அளவு?”

“மொத வருஷமே எடுத்துட்டேன். வாசல்ல கிரேன நிப்பாட்டிட்டு டீக்குப் போனீங்கள்ல, அப்ப.”

“அப்ப நான் அரை அங்குலம் கொறச்சுச் சொன்னதெல்லாம்?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் அப்படியே வெட்டிக் குடுத்தீங்களா?”

“சரியா வெட்டிக் குடுத்தா திரும்ப வர மாட்டீங்கல்ல.”

நம்பர் 3 சொல்லவேண்டிய இடம். உலகத்திலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒத்திகை பார்த்துவந்த ஆள் சொன்னது:

“ஓ-ரிங் இருக்கா?”

இருந்தது. பத்து ரப்பர் வளையம் எண்ணிக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. ரப்பர் தூசியாகவும் இருக்கலாம்.

பைக் மூணாவது உதையில்தான் கிளம்பியது. வாசல் வரை வந்தாள்.

“பாத்துப் போங்கண்ணே.”

ஆடி 29, வெள்ளி

காற்று நிற்கவில்லை. ஓஸ் மாட்டவில்லை. இந்த ஐந்தை மாட்டும்போது ஒரு துளி மண் உள்ளே போகக்கூடாது. இப்போது வந்திருக்கிறது ஒழுங்கு.

சாப்பாடு ரெண்டு வேளை. வெஞ்சனம் இல்லை, ஊறுகாய்.

ஆடி 31, ஞாயிறு

ரெண்டாம் ஓலை. “தடை ஏதும்” என்ற இடத்தில் எனக்கு இருமல். முன் வரிசை மொத்தமும் திரும்பியது. அவளும். வெறும் இருமல்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆவணி 1, திங்கள்

விடியும்போதே காற்று இல்லை. டேங்க் கழுவி, புது ஃபில்டர், புது ஆயில். ஐந்து ஓஸும் மாட்டியாச்சு. அரை அங்குலம் கூடவில்லை, குறையவில்லை. உள்ளே சிக்கிய ஏர் போக பூமை வெறும் கொக்கியோடு மூணு தடவை ஏற்றி இறக்கினோம். பம்பு கத்தவே இல்லை.

“இனி ரெண்டு வருசத்துக்கு அந்தப் பக்கமே போகத் தேவையில்லண்ணே” என்றான் கருப்பையா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கசிவு பார்க்கணும். கையை வைக்கக்கூடாது, பிரஷரில் ஆயில் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும். அட்டையைத்தான் காட்டணும். காட்டினேன். பதினொரு ஓஸ், இருபத்திரண்டு முனை. ஒரு சுற்று. திரும்ப ஒரு சுற்று. மூணாவது சுற்றில் கருப்பையா இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு இறங்கிப் போய்விட்டான். நான் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டாவது இருக்காதா என்று.

அட்டை சுத்தம்.