பானெட்டை மூடிய பிறகு

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது சுற்றில் மட்டும் எஞ்சின் ஏன் தளர்ந்துபோகிறது? சாப்பிடும்போது தங்கை கேட்டாள். தெரியாது என்றேன். இதை எழுதும்போதும் தெரியாது.

முதல் இரண்டு சுற்றில் அவள் கார் பறக்கிறது. மூன்றாவதில், மேடேறும் இடத்தில், எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. ஆறவிட்டால் மறுபடி பழையபடி ஓடுகிறது. சின்னக் காரின் உடம்பில் பெரிய காரின் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறாள், எல்லாம் அவள் கையால். கீழ்த்தளத்தில் அவளுடைய ஒர்க்ஷாப். மேலே நாங்கள் மூவர்: அவள், அவள் கணவர், நான். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வேகம் காட்டும் முள் நாற்பதைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை; அதனால் வீட்டில் அவர் பெயரே நாப்பது. மனைவி பந்தயத் தடத்தில், புருஷன் நாற்பதில். நான் நடந்து போகிறவள்.

இருபத்திரண்டாம் தேதி தகுதிச் சுற்று. ஐந்து சுற்று ஓட வேண்டும். எந்தச் சுற்றும் முதல் சுற்றைவிட இரண்டு வினாடிக்கு மேல் தாமதமாகக் கூடாது. தேறினால்தான் இந்த வருடப் பந்தயங்களில் இடம். போன இரண்டு வருடமும் மூன்றாவது சுற்றோடு சரி.

"இந்தத் தடவையும் இல்லேன்னா காரை வித்துடறேன்க்கா. எனக்கும் நாப்பத்தஞ்சு ஆச்சு."

தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். விளையாட்டாகச் சொல்லும்போது அவள் தட்டைப் பார்ப்பதில்லை.

மார்ச் 5, வியாழன்

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் சிவப்பாக ஒரு கூம்பு ஃபில்டர், பளபளவென்று. "குளிர்காற்று ஃபில்டர்" என்று சொல்லி விற்றார்களாம். உட்கார்ந்திருப்பதோ ரேடியேட்டருக்குப் பின்னால், எரிந்த புகை வெளியேறும் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி.

"குளிர்ச்சி அதுக்கு எங்கேருந்து வரும்?" என்று கேட்டேன்.

"அட்டைப்பெட்டியில பனிமலை படம் போட்டிருந்தாங்க."

சூடான காற்று விரிந்து நிற்கும். ஒரே மூச்சில் உள்ளே போகிற காற்று குறையும், பலமும் குறையும். போதாததற்கு, காற்று சூடு என்று தெரிந்தால் எஞ்சினின் கணினி பயந்துபோய் இன்னும் கொஞ்சம் அடக்கிவைக்கும். காரணம் இதுவாக இருக்கலாம். அளக்காமல் எப்படிச் சொல்வது? வெப்பமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் கொடுப்பதே எதையும் சட்டென்று நம்பாமல் இருப்பதற்குத்தான்.

மார்ச் 8, ஞாயிறு

அளந்தேன். எஞ்சின் மூடியான பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஃபில்டர் வாயில் வெப்பமானியைக் கட்டி, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, எதிரிலேயே நின்று பார்த்துப் பார்த்து எழுதினேன். வெளியே முப்பத்தொன்று. ஃபில்டர் வாயில் முப்பத்தாறு. ஐந்து டிகிரிக்கெல்லாம் எஞ்சின் இப்படிச் சோர்ந்துவிடாது. காற்றின்மேல் பழி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ பெட்ரோல் பம்ப்பாத்தான் இருக்கும்" என்று உடனே பெட்ரோல் தொட்டியடியில் படுத்துவிட்டாள். மறுபேச்சு இல்லை. நான் சொன்னால் அவ்வளவுதான்.

மார்ச் 11, புதன்

பம்ப்பைக் கழற்றி மாட்டிவிட்டாள். ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது. கை முழுக்கக் கீறல்.

மார்ச் 13, வெள்ளி

ஊருக்கு வெளியே மேட்டுச் சாலைக்குப் போனோம். நான் பக்கத்து இருக்கையில். முதல் ஏற்றம் நன்றாக ஏறியது. இரண்டாவதும். மூன்றாவதில் அதே கதை. ஓரமாக நிறுத்தினாள்.

"நீ அளந்தது சரியாத்தான்க்கா இருக்கும். வேற ஏதோ இருக்கு." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினாள். அடுப்படிக் கதவைத் திறந்தமாதிரி அனல் வந்து என் முகத்தில் அடித்தது. அடுத்த நிமிடமே அந்த அனல் இல்லை, காற்றோடு போய்விட்டது.

போய்விட்டது.

மூடி — மூடி திறந்து இருந்துச்சு அன்னைக்கு. நான்தானே திறந்து வெச்சேன். கருவிக்கு எதிர்ல நின்னு கண்ணால பார்த்ததைத்தான் எழுதணும், அது எங்க ஆய்வுக்கூடத்துச் சட்டம். பார்க்கணும்னு மூடியைத் தூக்கினேன். தூக்கினா சூடு நிக்குமா? எந்த மடச்சி பானெட்டைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பந்தயம் ஓட்டுவா?

ஐந்து நாள் அவளை வீணாகப் படுக்கவைத்தேன். வழியிலேயே சொல்லிவிட்டேன். டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினாள்.

"திட்டட்டுமா, இல்ல டீ வாங்கித் தரட்டுமா?"

"திட்டு."

"டீயே வாங்கித் தரேன். திட்டினா நீ அதையும் எழுதி வெச்சுப்பே."

எழுதிவிட்டேன்.

மார்ச் 14, சனி

நீளமான கம்பியுள்ள வெப்பமானியை ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிவந்தேன். முனை ஃபில்டர் வாயில், கம்பி கதவிடுக்கு வழியே உள்ளே, எண் தெரியும் பெட்டி என் மடியில். பானெட் மூடி. அதே மேட்டுச் சாலை. முதல் ஏற்றத்தில் நாற்பத்திரண்டு. இரண்டாவதில் ஐம்பத்தைந்து. மூன்றாவதில் அறுபத்தேழு.

"அறுபத்தேழா? பாவம்க்கா எஞ்சின்" என்றாள்.

மூன்றாம் தேதி அவள் கேட்டதற்குப் பதில் கிடைத்தாயிற்று. இன்னும் எட்டு நாள்.

மார்ச் 16, திங்கள்

ஃபில்டரைச் சுற்றி ஒரு பெட்டி. எஞ்சின் சூடு அதற்குள் நுழையக் கூடாது; பானெட் மூடும்போது அதுவே பெட்டிக்கு மூடியாக உட்கார வேண்டும். முன் பம்பரிலிருந்து ஒரு குழாய் வெளிக்காற்றைக் கொண்டுவந்து பெட்டிக்குள் விடும். யோசனை இருவருடையது. செய்தது அவள்.

என் செருப்பு வந்த அட்டைப்பெட்டியை வெட்டி மாதிரி செய்தாள். பிறகு அலுமினியத் தகடு. மேல் விளிம்பு பானெட்டின் வளைவோடு ஒட்ட வேண்டும், அந்த வளைவை எப்படி அளப்பாள் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் மாவை எண்ணெயில் குழைத்துத் தடவி, பானெட்டை மூடித் திறந்தாள். உள்பக்கத்தில் வெள்ளைக்கோடு. கோடு அறுந்திருந்த இடமெல்லாம் இடைவெளி. அங்கே மட்டும் ரப்பர் பட்டையைத் தடிமனாக ஒட்டினாள். மறுபடி தடவி, மறுபடி மூடி, மறுபடி திறந்து. நான்காவது தடவை கோடு முழுதாக விழுந்தது.

படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் என் தங்கை. இதைவிட நன்றாக எழுதத் தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மூன்றாவது ஏற்றத்தில் ஐம்பத்தொன்று. போதாது.

மார்ச் 18, புதன்

குழாய் போகும் வழிதான் வில்லங்கம். புகைக்குழாயை உரசிக்கொண்டு வருகிறது. வழியிலேயே காற்று சூடேறிவிடுகிறது. பம்பருக்கு அடியில், தரையோரமாகக் கொண்டுபோகலாம் என்றேன். அங்கே சூடே கிடையாது.

"குட்டையில இறங்கினா எஞ்சின் தண்ணியைக் குடிச்சுடும். அதோட கதை முடிஞ்சுது."

"தடத்துல குட்டை ஏது?"

"தடத்துக்குப் போற வழியில இருக்கே. காரைத் தலையில தூக்கிட்டா போக முடியும்?"

ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை. நாப்பது வந்து எட்டிப்பார்த்தார். "என் பஸ்ஸுக்கு இதெல்லாம் வேண்டாம். அது மூச்சு வாங்கற அளவுக்கு நான் ஓட்டினதே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரும் சிரித்த சிரிப்பில் சண்டை கலைந்தது.

கடைசியில் பம்பரின் இடதுபக்கத்துப் பனிமூட்ட விளக்கை, ஃபாக் லாம்ப்பை, கழற்றி அந்த ஓட்டை வழியே கொண்டுவந்தோம். புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம். தண்ணீர் ஏறாமல் நடுவில் ஒரு மேல்வளைவு, அது அவள் பிடிவாதம். அவள் சொன்னதுதான் சரி.

மார்ச் 19, வியாழன்

வெளியே முப்பத்திரண்டு. மூன்றாவது ஏற்றத்தில் முப்பத்தெட்டு. பானெட் மூடியிருந்தது. மூன்று தடவை பார்த்துக்கொண்டேன், மூடியிருந்தது.

மார்ச் 21, சனி

மத்தியானம் காரைக் கழுவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்: "நாளைக்கு நான் நல்லா ஓட்டுவேனா?"

"அதை நான் அளந்ததில்ல" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். மாடியேறி வந்த பிறகு மனசு கேட்கவில்லை. ஒரு "ஓட்டுவே" சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? வாய்க்கு வரவில்லை. ஆய்வுக்கூடத்திலும் இப்படித்தான், வீட்டில் யார் யார் என்று கேட்டால்கூட "இருக்காங்க" என்பேன்.

மார்ச் 22, ஞாயிறு

தடத்தில் முப்பத்துநான்கு டிகிரி. நிழல் கிடையாது.

முதல் சுற்று 74.2 வினாடி. இரண்டாவது 73.9. மூன்றாவது தொடங்கியதும் நாப்பது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "மேட்டுல ஏறிட்டாளா? சத்தத்தை வெச்சு சொல்லுங்கக்கா." நான் கண்ணாலேயே பார்த்தேன். ஏறினாள். குரல் கம்மாமல் ஏறியது எஞ்சின்.

74.5.

நான்காவது 75.1. அந்த ஒரு நிமிடம் நன்றாக இல்லை. ஐந்தாவது 74.6. எல்லாமே எல்லைக்குள். பலகையில் தேறியவர்கள் பட்டியல் போட்டபோது கடைசி ஆளாக அவள் எண். கடைசியானால் என்ன.

இறங்கியதும் பானெட்டைத் தூக்கி, என் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டிமேல் வைத்தாள். எஞ்சின் அனலுக்கு நடுவில் அது மட்டும் கை பொறுக்கும் சூட்டில் இருந்தது. சோதனை அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "யாரோட வேலை?" என்று கேட்டார்.

"எங்கக்கா" என்றாள்.

"இல்ல, இவ செஞ்சது. நான் அளந்தேன், அதுவும் முதல்ல தப்பா" என்றேன். பிறகு அவளைப் பார்த்து, "நல்லா ஓட்டினே" என்றேன்.

"அளந்தியா?"

"இல்லை."

ஹெல்மெட்டைக் கழற்றாமலே பானெட்டை மூடினாள். திரும்பும்போது காரை நாப்பதிடம் கொடுத்தாள். நாற்பதிலேயே வீடு வந்து சேர்ந்தோம்.

மார்ச் 23, திங்கள்

ஆய்வுக்கூடத்தில் கம்பி வெப்பமானியைத் திருப்பிக் கொடுத்தேன். எதற்கு வாங்கிப்போனீர்கள் என்று சாமான் அறைக்காரர் கேட்டார். வழக்கமாக "சும்மா" என்றிருப்பேன்.

"என் தங்கை ரேஸ் ஓட்டுறா" என்றேன்.

டீ நேரத்தில் சொல்லத் தொடங்கினேன். சிவப்புக் கூம்பு, நான் தூக்கி நிறுத்திய மூடி, சாக்பீஸ் கோடு, மூன்றாவது சுற்று. பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். முடிக்கும்போது என் டீ ஆறிப்போயிருந்தது. எத்தனை டிகிரி என்று பார்க்கவில்லை.