களியோடை என்று எழுதிய மட்டை

மச்சான், உனக்கு என் சலாம்.

பெருநாளைக்கென்று என் தங்கச்சி, அதாவது உன் மனைவி, எனக்கு இடுப்பில் உடுத்த ஒரு மருதமுனைக் கைத்தறிச் சாரம் எடுத்துத் தந்திருந்தாள். இன்று காலை அதை விரித்து உதறியபோது, மடிப்புக் குலையாமல் இருக்க உள்ளே வைக்கும் மட்டை காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். கஞ்சியும் புது நூலும் கலந்த அந்த வாசம் அதில் அப்படியே இருந்தது. திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெறும் மட்டை. நம் கையில் இருந்த மட்டைகள் ஒன்றும் அப்படி வெறுமையாகக் கிடந்ததில்லையே. சாரத்தைக்கூட உடுத்தாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை விட்டது ஏன் என்று கேட்டால், அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அங்கே ஆளில்லை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இறக்காமத்தில் என்னைத் துரத்திய ஒற்றைக் கொம்பன் யானையின் கதையைக் கேட்காதவன் நம் சாய்ந்தமருதில் இல்லை. அது எருமை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. உனக்கு எழுதும்போது மட்டும் என் கை கொஞ்சம் அடங்கித்தான் ஓடுகிறது.

நூறு தறி ஓடிய நெசவுச்சாலையில் நாம் இருவரும் வேலை செய்தோம். சரி, பன்னிரண்டு தறி. நீ நெய்தாய், நான் நெய்த சாரங்களை மடித்து மட்டை வைத்து அடுக்கினேன். சாதாரண தரப் பரீட்சையை, பள்ளிக்கூடம் போகாமலே வெளியில் இருந்து எழுதிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தது நீ. படிக்க நேரம் ஏது என்று நான் தட்டிக் கழித்தேன். மறுநாள் கழிவு மட்டைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாய். ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை.

உனக்குக் கை இரண்டும் தறியில், கால் இரண்டும் மிதியில். அதனால் மட்டையைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. கேள்வி என் பக்கம் இருக்கும், விடை உன் பக்கம் இருக்கும். நான் கேள்வியை வாசித்து விடையைச் சொல்ல வேண்டும். மட்டையைத் திருப்ப உன் அனுமதி வேண்டும். தறிச் சத்தத்தில் வாய்க்குள் முணுமுணுத்தால் உனக்குக் கேட்காது. கத்த வேண்டும். கத்தினால் பன்னிரண்டு தறிக்காரருக்கும் கேட்கும்.

“தெரியாது மச்சான். திருப்பட்டா?”

“தெரியாதெண்டு சொல்லாதடா. பொய்யெண்டாலும் ஒண்டு சொல்லு. சொல்லிட்டு மறுகா திருப்பு.”

பொய் சொல்வதற்கு என்னைக் கெஞ்ச வேண்டுமா? இலங்கையின் மிக நீளமான ஆறு எது என்று ஒரு மட்டை. களியோடை என்று கத்தினேன். நெசவுச்சாலையே சிரித்தது.

“களியோடையா? ஒலுவில் பாலத்துல நிண்டு துப்பினா மத்தக் கரையில விழும்டா!” என்றார் எங்களுக்கு அண்ணன் முறையான அடுத்த தறிக்காரர்.

“மாரியில வந்து பாருங்க காக்கா, அப்பத் தெரியும்!” என்று நானும் விடவில்லை.

நீயும் சிரித்தாய். ஆனால் சாப்பாட்டு நேரத்தில், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கேள்விக்குக் கீழே மூலையில் ‘களியோடை’ என்று சின்னதாக எழுதினாய். “இத வீசப்படாது. உன்ட பொய்யக் கண்டாத்தான் உனக்கு மகாவலி ஞாபகம் வரும்” என்றாய். அது பலித்தது. ஒவ்வொரு மட்டையிலும் என் பொய் ஒன்று மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பல்லிளிக்க, அதற்குக் கோபித்துக்கொண்டே சரியான விடையைப் படித்தேன். பரீட்சையில் எட்டுப் பாடமும் சித்தியடைந்தேன் என்பது ஊருக்குச் சொல்வது. உனக்குத் தெரியும், சமூகக்கல்வி ஒன்றுதான். அந்த ஒன்று உன் மட்டையால் வந்தது.

இனி உன் மகள் கதைக்கு வருகிறேன். நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போகும்போது நாலு வயதுப் பிள்ளையாக என் தோளில் தூங்கிய றிஸ்னா, இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள், கடைசி வருடம். பட்டத்துக்கென்று அவள் ஒரு செயலி செய்தாள். வகுப்பில் எழுதிய கொப்பிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தால், அது தானாகவே கேள்வி விடை அட்டைகளாகப் பிரிந்துவிடும். தொட்டால் அட்டை திரும்பும். அதைப் பார்த்த அன்றே தேத்தண்ணிக் கடைக்குப் போய், வடிவமைப்பு முழுவதும் என்னுடையது, பிள்ளை டைப் மட்டும் அடிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அவளுடைய விரிவுரையாளர் திருப்தியாகவில்லை. கொப்பியை வெட்டித் துண்டாக்கியிருக்கிறாய், படிக்க வைப்பது எங்கே என்று கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை திருத்திக் காட்டாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போகும். அயல் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஐந்து பேரைக் கூப்பிட்டு நம் வீட்டு ஹோலில் வைத்துச் சோதித்தாள். பிள்ளைகள் மீன் செதில் தட்டுகிற வேகத்தில் அட்டைகளைத் தட்டித் தள்ளினார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. றிஸ்னா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, “விட்டுடுவம் மாமா, வேற ஒண்டு செய்வம்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“அட்டை எப்பிடிப் புள்ள இவ்வளவு லேசாத் திரும்புது?” என்று கேட்டேன். “முதல்ல வாயத் திறந்து ஒரு விடை சொல்ல வை. பொய்யெண்டாலும் சொல்லட்டும். சொன்னாத்தான் திரும்பணும். சொன்ன பொய்ய மூலையில எழுதி வை. அடுத்த முறை அதோட சேர்த்துக் காட்டு.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “இது உங்கட யோசனையா மாமா?”

“ஓம், பின்ன?” என்றேன்.

மன்னித்துக்கொள் மச்சான். வாய் பழகிவிட்டது.

நாலு நாளில் மாற்றிவிட்டாள். அதே பிள்ளைகள் வந்தார்கள். உடம்பின் மிகப் பெரிய உறுப்பு எது என்று அட்டை கேட்க, விடை தெரியாத ஒருத்தி போனுக்குள் “வாய்!” என்று கத்தினாள். “உனக்கு அதுதான்டி பெரிசு!” என்று மற்றவர்கள் விழுந்து சிரித்தார்கள். மறுநாள் அதே அட்டை, மூலையில் ‘வாய்’ என்று மங்கிய எழுத்தோடு வந்தது. அது கேட்டு முடிக்கும் முன்பே, “வாயில்ல, தோல், தோல்!” என்று துள்ளினாள். ஹோலில் அந்த இரைச்சல் எழுந்தபோது எனக்குப் பன்னிரண்டு தறியும் ஒன்றாக ஓடுவது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை றிஸ்னா, செயலியோடு ஒப்படைக்கும் அறிக்கைக்கு நன்றியுரை எழுதினாள். “மாமா, உங்கட முழுப்பேரச் சொல்லுங்க. ‘இந்த முறையைக் கண்டுபிடித்த என் மாமாவுக்கு’ எண்டு போடுறன்.”

என் பெயர் அச்சில் வரப் போகிறது, மச்சான். இதற்காக நான் எத்தனை யானைக் கதைகளை விட்டிருப்பேன்! ஆனாலும் எழுந்தேன். உள்ளே போய் அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த மட்டையை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். நம் மட்டைகள் எல்லாம் தொலைந்து என்னிடம் மிஞ்சிய ஒன்று அது.

“ஆர்ட எழுத்து மாமா இது?”

“உன்ட வாப்பாட எழுத்து. யோசனையும் வாப்பாடதான். பொய் மட்டும்தான் என்ட.”

கலியாணப் பதிவில் நீ போட்ட ஒப்பத்தைத் தவிர உன் எழுத்தை அவள் கண்டதில்லை. ‘களியோடை’யின் மேல் விரலை வைத்தாள். எழுத்து எழுத்தாகத் தடவினாள். பிறகு மட்டையைப் படம் பிடித்தாள். உன் எழுத்து போனில் அட்டையாக எழுந்து நின்றது. “இதுதான் முதலாவது அட்டை” என்றாள். செயலியைத் திறக்கும் எவரும் முதலில் பார்ப்பது உன் கேள்வியையும் என் பொய்யையும்தான். திங்கட்கிழமை அதைத்தான் காட்டினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

தேத்தண்ணிக் கடையிலும் கதையை மாற்றிவிட்டேன். வடிவமைத்தது என் மச்சான் என்றேன். சும்மா சொன்னால் நம்புவார்களா? இருநூறு தறி ஓடிய சாலையில், ஒற்றைக் கையால் நெய்துகொண்டே மற்றக் கையால் எழுதினான் என்று கொஞ்சம் சேர்த்தேன். இனி என் புளுகெல்லாம் உன் கணக்கில்தான் சேரும், பொறுத்துக்கொள்.

என் பொய்க்குச் சிரித்தவர்கள் ஊரில் நிறையப் பேர். அதை வீசாமல் எடுத்து வைத்து, பக்கத்தில் உண்மையையும் வைத்துத் தந்தவன் நீ ஒருவன். உனக்கு ஜஸாக்கல்லாஹ் என்று ஒரு நன்றி சொல்ல, நீ உயிரோடு இருக்கும்போது எனக்குத் தோன்றவில்லை.

மட்டையை இப்போது சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். எடுத்தால் இன்றும் கை பழைய மாதிரியே பிடிக்கிறது. கேள்வி என் பக்கம், விடை உன் பக்கம். மகாவலி, மச்சான். கத்தித்தான் சொல்கிறேன். திருப்பட்டா?