சிலுவையில் வைக்காத கை

2014 ஜனவரி 6, திங்கள்
மீனவர் சங்கத் தலைவர் இன்னாசிப்பிள்ளை மாமா எங்கள் வீட்டுக்கே வந்தார். பக்கத்து முஸ்லிம் ஊர் நூஹு நானா தன் படகை ஏற்றி மாமாவின் வலையைக் கிழித்துவிட்டாராம். மீன்பிடி அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுத வேண்டும். "கம்பஸ் படிச்ச பிள்ளை நீ இருக்கேக்க எழுத ஆள் தேடி நாங்க ஏன் முந்தல் டவுனுக்கு அலையவேணும்?" பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிங்களத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். வலை கிழிந்த அன்று கடலில் பக்கத்தில் தொழில் செய்த அப்பாவையும் றொபி சித்தப்பாவையும் சாட்சிகளாகப் போடச் சொன்னார். போட்டேன். அவர்களைக் கேட்கவில்லை.

ஜனவரி 9
விசாரணை முடியும்வரை நூஹு நானா படகை இறக்கக் கூடாதாம்.

ஜனவரி 12, ஞாயிறு
சங்கத்துக்காகச் சாட்சி சொல்பவர் பூசை முடிந்ததும் பீடத்துச் சிலுவையில் கை வைத்துச் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். அப்பா முன்னே போனார். கை வைக்கவில்லை.

"வலை கடலடிக் கல்லில மாட்டிக் கிழிஞ்சது. நூஹு அந்தப் பக்கமே வரயில்ல. பொய்யச் சொல்லி நான் இதில கை வைக்கமாட்டன்."

"நானும் அதத்தான் கண்டனான்," என்றார் சித்தப்பா.

கோயில் முழுக்கக் கூச்சல். யாரோ அப்பாவைப் பார்த்து, "மடுத்தீன், தொப்பி எப்ப போடப்போறாய்?" — சிரிப்பு. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டில் கத்தினேன். "ஊருக்கு முன்னால என்னை ஏன் பொய்க்காரி ஆக்கினீங்க?"

"எழுத முதல் என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பிள்ளை."

நான் சாப்பிடவில்லை. அப்பா சாப்பிட்டார். அது இன்னும் எரிச்சல்.

ஜனவரி 15
சித்தப்பாவை அவர் வேலைக்குப் போகும் படகிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சொன்னதை மாற்றினால் திரும்ப ஏறலாமாம். அவர் மாற்றவில்லை.

ஜனவரி 20, செபஸ்தியார் திருநாள்
இருபத்திரண்டு வருடம் ஊர்வலத்தில் செபஸ்தியார் சுரூபத்தைத் தோளில் சுமந்தவர் அப்பா. இன்று வெள்ளைச் சட்டையோடு போனவரைத் தள்ளி நிறுத்தினார்கள். "கை வைக்கமாட்டன் எண்ட ஆளுக்குத் தோள் மட்டும் என்னத்துக்கு?" — இன்னாசிப்பிள்ளை.

வாசலுக்கு வாசல் நின்ற சுரூபம் எங்கள் வாசலில் நிற்கவில்லை. அம்மா ஏற்றிய மெழுகுதிரி சும்மா எரிந்தது. அப்பா தெருப் புழுதியில் முழங்காலில் நின்றார். சிரித்தார்கள். சிரிக்கிறார்கள்! செபமாலை பிடித்த கையோடு!

பூசை வைத்தும் வாய் திறக்காத சுவாமியார் மேல் கோபம். ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாத அப்பா மேல் கோபம். எல்லாவற்றையும்விட என் கையெழுத்து மேல். என்ன வடிவான கையெழுத்து. கண்ணால் காணாததை எவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 23
மீன்பிடி அலுவலகத்துக்குப் போனேன். அப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். நடந்த உண்மையைப் புதிதாக எழுதியதைக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்து. முதலாவதை எழுதினது யார்?"

அப்பா வாயெடுத்தார். அதற்குள் என் குரல் வந்துவிட்டது.

"நான்தான் சேர். அது பொய்."

பெப்ரவரி 2, ஞாயிறு
கோயில் யன்னலால் கடலைப் பார்த்தேன். நூஹு நானாவின் படகு வெளியே போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாங்கில் நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அப்பா முன் வாங்குவரை நடந்துபோய் இன்னாசிப்பிள்ளையிடம் கையை நீட்டினார். அவர் எடுக்கவில்லை. அப்பா கையை இறக்கவுமில்லை.

எனக்கு அந்த மனிதர் மேல் இன்னும் கோபம்தான். போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன்.